காத்து இருக்கா? – மதுரை சைக்கிள்காரர்களுக்கான கேள்வி-பதில்

போன இதழில், ஊருக்குள் சைக்கிளில் போய்வருவதில் என்ன சிரமம் என்று எழுதச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டோம். ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

வீடு செல்லூரில். வேலை தெற்கு ஆவணி மூல வீதியில் நகைப்பட்டறையில். மொபெட்டை வீட்டில் விட்டுவிட்டுச் சைக்கிளில் போகலாம் என்று ஆசை. எந்த வழி தோது? ஆபத்தில்லாமல் போக முடியுமா?
– செல்லூர் வாசகர்

நாலு கிலோமீட்டருக்குள் அடங்குகிற தூரம். நிதானமாக மிதித்தால் இருபது நிமிடம். மொபெட்டில் போனாலும் சிக்னலில் நின்று, வண்டி நிறுத்த இடம் தேடி, கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும்.

ஆற்றைத் தாண்டத்தான் யோசிக்க வேண்டும். 1889-இல் கட்டிய ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலத்தில் எல்லா வண்டியும் ஏறும். அதே பக்கத்தில் இருக்கும் யானைக்கல் தரைப்பாலத்தில் ஏற்றமே கிடையாது, சைக்கிளுக்கு அதுதான் சுகம். ஆனால் வைகையில் தண்ணீர் கூடுதலாக வந்தால் முதலில் மூழ்குவது அந்தத் தரைப்பாலம்தான். தடுப்பு வைத்திருந்தால் "முழங்கால் அளவுதானே" என்று இறங்காதீர்கள். தண்ணீருக்குள் பள்ளம் தெரியாது, ஓட்டத்தின் வேகமும் தெரியாது.

ஊருக்குள் வந்த பிறகு வீதிகளின் குணம் தெரிந்திருந்தால் போதும். கோயிலைச் சுற்றி உள்ளிருந்து வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரம். வெளி வீதிகளில் பஸ்ஸும் கனரக வண்டியும் ஓடுகின்றன. அங்கே நீளமாகப் போக வேண்டாம், குறுக்கே கடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழ மாசி வீதி மளிகை மொத்த வியாபாரம் நடக்கிற இடம். மூட்டை இறங்குகிற நேரத்தில் லோடு ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. அதனால் கோயிலை மேற்குப் பக்கமாகச் சுற்றி, மேல ஆவணி மூல வீதி வழியாகத் தெற்கே இறங்குவது நல்லது. சித்திரை வீதியைக் குறுக்கு வழியாக நினைக்காதீர்கள், அது நடப்பவர்களுக்கானது. ஒருவழிப் பாதைப் பலகை சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். எதிர்த்திசையில் போயே ஆக வேண்டுமானால் இறங்கி ஓரமாக உருட்டுங்கள்.

இன்னொன்று. புதிதாக ஓட்டுகிறவர்கள் பயத்தில் இடது ஓரத்தை ஒட்டியே போவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மணல், சாக்கடை மூடி, திடீரென்று திறக்கிற கார் கதவு எல்லாம் ஓரத்தில். நிற்கிற வண்டிகளிலிருந்து ஒரு கை நீளம், அதாவது மூன்றடி தள்ளி நேர்கோட்டில் போங்கள். நிற்கிற இரண்டு கார்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் உள்ளே நுழைந்து வெளியே வருவது, பின்னால் வருகிற பஸ்காரரைக் குழப்பும். கம்பிகள் நீங்கள் போகிற திசையிலேயே நீளவாக்கில் இருக்கிற சாக்கடை மூடியைக் கண்டால் தள்ளிப் போய்விடுங்கள். ஒல்லி டயர் அந்த இடுக்கில் இறங்கினால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார்.

மாதத்தில் மூன்று தடவை பஞ்சர். கண்மாய்க் கரை ரோட்டில்தான் போகிறேன். கடைக்காரர் ஒட்டிக் கொடுத்த மறுநாளே அதே சக்கரம் இறங்கிவிடுகிறது. டயரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– அவனியாபுரம் வாசகர்

முதலில் டியூபில் ஓட்டை எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும்.

தரையைப் பார்க்கும் வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள், ஆணி, கண்ணாடி. ரிம்மைப் பார்க்கும் உள்பக்கம் என்றால் ரிம்முக்குள் சுற்றியிருக்கும் பட்டை (ரிம் டேப்) நகர்ந்து, ஸ்போக்ஸ் கம்பியின் தலை குத்துகிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி இருந்தால் காற்று குறைவு: வேகத்தடையில் ஏறும்போது டியூப் டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. வால்வின் அடிப்பாகம் கிழிந்திருந்தால் அதுவும் காற்றுக் குறைவால்தான். டயர் ரிம்மில் நழுவி டியூபை இழுத்துக்கொண்டு போயிருக்கும். அந்த இடத்தில் ஒட்டுப் போட்டால் நிற்காது, டியூபையே மாற்றுங்கள்.

உங்கள் விஷயத்தில் சீமைக் கருவேல முள்ளாகத்தான் இருக்கும். விறகு ஏற்றிப் போகிற வண்டியிலிருந்தும் வேலி வெட்டிப் போட்ட இடத்திலிருந்தும் ரோட்டுக்கு வருவது. அதன் சுபாவம் என்னவென்றால், டயருக்குள் இறங்கியதும் வெளியே இருக்கும் பாகம் ஒடிந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். வெளியே தடவினால் தெரியாது. சக்கரம் அழுந்தும்போது மட்டும் உள்ளே நீட்டிக் குத்தும். டியூபை ஒட்டிவிட்டு முள்ளை விட்டுவிட்டால் மறுநாள் அதே கதை.

வீட்டில் ஒட்டுவதானால் இப்படிச் செய்யுங்கள். டயரைக் கழற்றும்போது வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எந்தப் பக்கம் செயின் பக்கம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டயர் லீவர் இல்லையென்றால் ஸ்க்ரூ டிரைவரை விடாதீர்கள், இருக்கிற ஒரு ஓட்டை மூன்றாகும். கரண்டிக் காம்பு பரவாயில்லை. டியூபில் காற்றடித்து, ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிச் சுற்றிக்கொண்டே வாருங்கள். குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டம் போடுங்கள். ஒரு ஓட்டை கிடைத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் பார்த்துவிடுங்கள். இனி டியூபை டயர் மேலே வைத்து, வால்வையும் சாக்பீஸ் கோட்டையும் பொருத்தினால் முள் இருக்கிற இடம் ஒரு சாண் அகலத்துக்குள் அகப்பட்டுவிடும். டயரின் உள்பக்கம் வெறும் விரலை ஓட்ட வேண்டாம். பஞ்சையோ பழைய பருத்தித் துணியையோ ஓட்டுங்கள், முள் நூலைப் பிடித்து இழுக்கும். அந்த இடத்தை உள்வெளியாக மடக்கிப் பிடித்தால் நுனி எழும்பும். பிளக்கரால் உள்பக்கமாக இழுத்து எடுங்கள்.

ஒட்டும்போது நடக்கிற தவறு பெரும்பாலும் அவசரம். ஓட்டையைச் சுற்றி, ஒட்டுத் துண்டைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பு போய் மங்கலாக வேண்டும். டியூபின் மேல் நீளமாக ஓடுகிற மேட்டுக் கோடு அந்த இடத்தில் வந்தால் அதையும் தேய்த்துச் சமமாக்குங்கள், இல்லையென்றால் கோட்டின் ஓரமாகக் காற்று போகும். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பிடிப்பைக் கெடுக்கும். ஈர மினுமினுப்பு போன பிறகுதான் ஒட்டுத் துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் அப்போது பிடித்த மாதிரி இருக்கும்; மத்தியான வெயிலில் வழுக்கிக்கொண்டு வரும்.

டயர் மாற்றுவது பற்றி: நடுவில் பட்டன் தேய்ந்து மழுங்கி, உள்ளே நூல் தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். நூல் தெரியாத டயருக்கு அவசரமில்லை.

வெயிலில் நிறுத்தினால் டியூப் வெடித்துவிடும் என்று காற்றைக் குறைத்துத்தான் அடிக்கிறேன். சரிதானே?
– ஜெய்ஹிந்துபுரம், வில்லாபுரம், கே.கே. நகர் வாசகர்கள்

சரியில்லை. மேலே சொன்ன பாம்புக்கடி ஓட்டைகள் இப்படித்தான் வருகின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். காலையில் 30 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. அடித்த டயர், வெயிலில் 60 டிகிரி வரை சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 57-ஐத் தாண்டாது. நல்ல டயருக்கு இது ஒன்றுமேயில்லை. அப்படியும் வெயிலில் "டமார்" என்று போவது ஏற்கெனவே சீக்குப் பிடித்தது: ஓரத்தில் வெடிப்பு விட்ட டயர், சரியாக உட்காராமல் ரிம்முக்கு வெளியே பிதுங்கிய டயர், சூட்டில் இளகுகிற மட்டமான ஒட்டு.

எவ்வளவு அடிப்பது? டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும், தூசியைத் துடைத்துப் பாருங்கள். இரண்டு எண் போட்டிருந்தால் அதற்கு நடுவில் வையுங்கள். பின்னால் சுமை ஏற்றுகிறவர் மேல் எண் பக்கம் போகலாம். பைக்குக்குக் காற்றடிக்கிற கடையில் பழக்கதோஷத்தில் 30 வைத்துவிடுவார்கள், சைக்கிளுக்கு அது பெரும்பாலும் பற்றாது. அதே கம்ப்ரஸரில் கவனமில்லாமல் பிடித்தால் சைக்கிள் டியூப் சின்னது என்பதால் சில விநாடியில் எல்லை தாண்டிவிடும். கைப்பம்புதான் உத்தமம்.

பழைய ரக சைக்கிளில் இருப்பது உள்ளே மெல்லிய ரப்பர் குழாய் மாட்டிய வால்வு. அதில் மீட்டர் வைத்துப் படிக்க முடியாது. கட்டை விரலால் டயரின் பக்கவாட்டை அழுத்திப் பாருங்கள்: லேசாகத்தான் உள்ளே போக வேண்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பின் டயர் தரையில் சற்றே பரவலாம், மடியக் கூடாது. பஞ்சரே இல்லாமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை காற்று இறங்குகிறது என்றால், அந்த வால்வு ரப்பரைக் கழற்றிப் பாருங்கள். மதுரை வெயிலில் அது ஒட்டிப்போய் வெடித்திருக்கும். விலை அற்பம், நாலைந்து வாங்கி வீட்டில் வையுங்கள். மாட்டும்போது எச்சில் தொட்டு மாட்டினால் சுலபமாக ஏறும், எண்ணெய் மட்டும் தொடாதீர்கள், ரப்பர் ஊறிப்போகும்.

பிளஸ் ஒன் படிக்கிற மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள். மிதிக்கும்போது "கடக்… கடக்…" என்று சத்தம். கடையில் செயினுக்கு எண்ணெய் விட்டார்கள், போகவில்லை. பிள்ளை தினம் ஆறு கிலோமீட்டர் போய்வருகிறாள். பயமாக இருக்கிறது.
– திருப்பரங்குன்றம் வாசகி

சத்தம் எத்தனை மிதிக்கு ஒருமுறை வருகிறது என்று உங்கள் மகளை எண்ணச் சொல்லுங்கள், அம்மா. பாதி வைத்தியம் அதிலேயே முடிந்தது.

ஒவ்வொரு சுற்றிலும் கால் ஒரே இடத்தில் இருக்கும்போது வந்தால் கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு), காட்டர்பின் அல்லது பெடல். கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை வந்தால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது, ஏனென்றால் செயின் ஒரு முழு வட்டம் வர அவ்வளவு சுற்று ஆகிறது. மிதிக்காமல் உருளும்போதும் வந்தால் சக்கரத்தில் கோளாறு, இல்லை மட்கார்டு உரசுகிறது.

"கடக்" என்று அழுத்தமாக, ஒவ்வொரு சுற்றிலும் என்றால் காட்டர்பின்னைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கிராங்கை நடு அச்சோடு பூட்டுகிற, ஒரு பக்கம் சரிவாகச் சீவிய இரும்பு முளை அது. சோதிக்க: இரண்டு கிராங்கையும் தரைக்குச் சமமாக நிறுத்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெடலையும் ஒரே நேரத்தில் கையால் கீழே அழுத்துங்கள். பிறகு அரைச் சுற்று சுற்றி, மறுபடி அழுத்துங்கள். ஏதாவது ஒன்று லேசாக அசைந்தால் அந்தப் பக்கத்துப் பின் தேய்ந்துவிட்டது.

அதன் நட்டை மட்டும் இறுக்கிவிட்டு அனுப்புகிற கடை உண்டு. நட்டின் வேலை பின் கழன்று விழாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். பின்னை உள்ளே ஏற்றுவது சுத்தியல். நட்டாலேயே இழுக்கப் பார்த்தால் மரை அழிந்துவிடும். புதுப்பின் போடும்போது கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அடிக்கச் சொல்லுங்கள். முட்டில்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கிற பால்ஸ்களில் (இரும்புக் குண்டுகளில்) இறங்கி, கிண்ணத்தில் குழி விழும். கடைக்குப் பழைய பின்னையும் கொண்டுபோங்கள், தடிமனில் வித்தியாசம் உண்டு. இடப்பக்கப் பின்னும் வலப்பக்கப் பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழையும். மாற்றிய பிறகு இருபது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தட்டுத் தட்டி நட்டை இறுக்க வேண்டும். இந்த இரண்டாவது இறுக்கலை விட்டுவிடுவதால்தான் பலருக்கும் அதே சத்தம் திரும்ப வருகிறது.

பொதுவாகவே, எந்தக் கம்பெனியின் புது சைக்கிளானாலும் முதல் பதினைந்து நாளில் எல்லா நட்டும் கொஞ்சம் இளகும். ஹேண்டில்பார், சீட், இரண்டு சக்கரத்தின் நட்டு, பிரேக் கம்பி, காட்டர்பின், இத்தனையும் ஒரு தடவை இறுக்கிவிட்டால் அப்புறம் தொல்லையில்லை. செயின் தொய்வை நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள்: மேலும் கீழும் அரை அங்குலம் ஆடலாம். அதற்கு மேல் ஆடினால் கழன்று விழும், துப்பட்டாவும் மாட்டும். செயின் கவர் இல்லாத வண்டியில் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

வயது 62. கோரிப்பாளையத்திலிருந்து சிம்மக்கல் வருவதற்குள் பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, முழங்காலும் வலிக்கிறது. கியர் சைக்கிள் வாங்கச் சொல்கிறான் பேரன். வாங்கவா?
– கோரிப்பாளையம் வாசகர்

வாங்கலாம், ஆனால் ஐயா, முதலில் செலவில்லாத வேலை ஒன்று. சீட்டை உயர்த்துங்கள். நம் ஊரில் பெரும்பாலோர் இரண்டு காலையும் தரையில் ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். முழங்கால் மடங்கியபடியே மிதித்தால் வலிக்காமல் என்ன செய்யும்? சுவரைப் பிடித்து உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பாகத்தால் மிதித்தால் முழங்கால் சரியான அளவு மடங்கும். நின்று நின்று போகிற ஊருக்குள் அதைவிட ஒரு விரற்கடை தாழ்த்திக்கொள்ளலாம். தண்டில் இருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது. அப்படியும் வலித்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இரண்டாவது, பின்சக்கரத்தில் இருக்கிற பல்சக்கரம், அதாவது ஃப்ரீவீல். பழைய 28 அங்குலச் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருப்பது வழக்கம். ஒரு மிதிக்கு வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். பின்னால் 22 பல் போட்டால் 4.4 மீட்டர். அதாவது ஏற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு பளு குறையும், சமதளத்தில் கொஞ்சம் அதிகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். நம் ஊரில் வேகமாகப் போக இடமா இருக்கிறது? 22-க்கு மாறினால் செயின் நீளம் பற்றாமல் போகலாம். சக்கரத்தை அரை அங்குலம் முன்னே தள்ள இடமிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஒரு ஜோடிக் கண்ணி சேர்க்க வேண்டும். சக்கரம் நகர்ந்தபின் பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படிகிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

செயின் பழசா என்பதையும் அப்போதே அளந்துவிடலாம். இரும்பு ஸ்கேலை வைத்து ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடு வரை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தால் அது பற்களையும் தின்றிருக்கும். புது ஃப்ரீவீலில் பழைய செயினைப் போடாதீர்கள், இரண்டு மாதத்தில் பல் கூர்மையாகிவிடும்.

ஐப்பசி மழையில் பிரேக்கே பிடிக்கவில்லை. கட்டை புதுசுதான்.
– தத்தனேரி வாசகர்

இரும்பு ரிம்மின் குணம் அது. நிக்கல் பூசிய வழவழப்பில் தண்ணீர் ஏடு படிந்தால் ரப்பர் வழுக்கும். முதல் இரண்டு மூன்று சுற்றும் கட்டை தண்ணீரைத் துடைப்பதற்கே போய்விடும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். அதனால் நிற்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் கழித்துப் பெய்கிற முதல் மழைதான் மோசம், ரோட்டில் படிந்த எண்ணெய் மேலே மிதக்கும். கல் பதித்த தரை, இரும்பு மூடி, வெள்ளைக் கோடு ஆகியவற்றின் மேல் திரும்பவும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம். மழை நின்றதும் ரிம்மைத் துணியால் துடையுங்கள். செயினுக்கு விட்ட எண்ணெய் ரிம்மில் தெறித்திருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள்.

கீழ மாசி வீதியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் வாங்கிக் கேரியரில் கட்டினால் வண்டி முன்பக்கம் தூக்குகிறது.
– முனிச்சாலை வாசகர்

சிப்பத்தைக் கேரியரின் பின்பாதியில் வைத்திருக்கிறீர்கள். சீட்டுத் தண்டை ஒட்டி, நீளவாக்கில் படுக்கப் போடுங்கள். பாரம் பின் அச்சுக்குப் பின்னால் போகப் போக முன்சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் ஆட ஆரம்பிக்கும். கட்டுவதற்குச் சணல் கயிறு வேண்டாம், குலுங்கக் குலுங்க இளகும். பழைய டியூபை நீளமாக வெட்டிய ரப்பர் வாரால் குறுக்கே இரண்டு கட்டு, முனை ஸ்போக்ஸ் பக்கம் தொங்காமல் செருகிவிடுங்கள். கேரியரில் எத்தனை கிலோ என்று அடித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது ரெட்டை ஸ்டாண்டு போடுங்கள்; பக்கவாட்டு ஒற்றை ஸ்டாண்டு இந்தப் பாரத்துக்குச் சாயும். பின் டயருக்குக் கிளம்பும் முன்பே காற்று.

ராத்திரி பத்து மணிக்குக் கடை சாத்திவிட்டு வரும்போது தெருநாய் துரத்துகிறது.
– ஆரப்பாளையம் வாசகர்

வேகமாக மிதிக்காதீர்கள். ஓடுவதைத்தான் அது துரத்துகிறது. நிறுத்தி இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக உருட்டுங்கள். அதன் எல்லை தாண்டியதும் தானாகத் திரும்பிவிடும். கடித்துவிட்டால், சின்னக் கீறலானாலும் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள்.

அந்த நேரத்துக்குப் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும். மட்கார்டில் இருக்கிற ரிஃப்ளெக்டர் வெளிச்சம் பட்டால்தான் மின்னும், தூசி படிந்தால் அதுவும் இல்லை. பெடல் ஓரத்தில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் இருந்தால் கழற்றி எறியாதீர்கள். மேலும் கீழும் ஆடுவதால் சைக்கிள் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும்.

சித்திரைத் திருவிழா நாட்களில் சைக்கிளாவது உள்ளே விடுவார்களா?
– அண்ணா நகர் வாசகி

தேர் ஓடுகிற அன்று மாசி வீதிகளில் சைக்கிளை உருட்டக்கூட இடம் இருக்காது. அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் தல்லாகுளத்திலிருந்து ஆறு வரை அதே நிலைதான். வெளி வீதிக்கு வெளியே, தெரிந்த வீட்டிலோ கட்டண ஸ்டாண்டிலோ விட்டுவிட்டு நடந்துவிடுங்கள். பூட்டும்போது சக்கரத்தை மட்டும் பூட்டாமல், சங்கிலியை ஃபிரேமுக்குள்ளும் நுழைத்து அசையாத கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். கிராங்க் சுற்றுகிற நடு அச்சுக்கு அடியிலோ சீட்டுக் குழாயிலோ ஃபிரேம் எண் வெட்டியிருக்கும். அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வண்டி காணாமல் போனால் ஸ்டேஷனில் முதலில் கேட்பது அதைத்தான்.